நெட்டை முள் மணி, குட்டை முள் நிமிஷம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். என் சுகத்தைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவர்களும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். அங்கே நீயும் உன் சம்சாரமும் உன் முழங்கால் வலியும் சௌக்கியமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். பதில் எழுதிக் காகிதத்தை வீணாக்காதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை முழுக்கப் படித்தாலே போதும்.

முதலில், அன்றைக்கு அந்த டாக்டர் அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஒருத்தரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று நழுவக் கூடாது. என் மகன் இருந்தான், இன்ஷூரன்ஸ் ஆபீசில் அடுத்தவனுக்கு எப்போது சாவு வரும் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறானே, அவன்தான். அவன் பெண்டாட்டி இருந்தாள், கைப்பையை மடியில் வைத்து ரெண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு. என் மகள் இருந்தாள், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள், பஸ்ஸை விட்டு இறங்கினால் தன் வீட்டுக்கே வழி கேட்பாள். என் பேத்தி இருந்தாள், மகனின் பெண், என்ஜினீயருக்குப் படிக்கிறாளாம், போனிலிருந்து தலையை எடுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். டாக்டர் இருந்தார், மீசை முளைப்பதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிற வயசு. வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற நர்சம்மாவும் கதவைச் சாத்தாமல் நின்று வேடிக்கை பார்த்தாள், அதனால் அவளையும் சேர்க்கிறேன். கடைசியாக நீ. நான் எங்கே அங்கே இருந்தேன் என்கிறாயா? ஆள்தான் இல்லை. உன் கைவேலை இருந்தது. வருகிறேன், இரு.

நம் அப்பா எனக்கென்று கொடுத்த ஒரே பொருள் அந்தச் சுவர்க் கடிகாரம். உனக்குப் படிப்பைக் கொடுத்தார், சைக்கிள் கொடுத்தார், எனக்குக் கடிகாரம் கொடுத்தார். நான் மூணாம் வகுப்போடு நின்றவள், கடிகாரம் பார்க்கத் தெரியாமல்தான் புருஷன் வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். மாட்டின கொஞ்ச நாளிலேயே நீ வேலைக்கு இன்டர்வியூ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் தங்கினாய். அது விடியாத வாரம். வெளிக்குழாயில் தண்ணீர் நின்றது. உன் அத்தானுடைய பெரிய கத்தரிக்கோலில், அவர் தையல் கடைக்கே அதுதான் ராஜா, வெட்டுவாயில் ஒரு பல் விழுந்து பள்ளமாகிப் போனது, யாரோ வாடிக்கைக்காரர் கோட்டில் இரும்புப் பொத்தான் இருந்ததாம், துணியோடு சேர்ந்து மாட்டிக்கொண்டதாம், பாவம் அந்த மனுஷன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீ வந்த வேளை என்று அப்போதே நினைத்தேன், வாயைத் திறந்து சொன்னேன், சொல்லாமலா இருப்பேன். அந்த வாரத்தில்தான் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், கடிகாரத்தின் பெரிய முள் பாதிக்கு மேலே காணோம். குட்டை முள்ளைவிடக் குட்டையாய், மொட்டையாய் நிற்கிறது. நீ கீழே நாற்காலியில் உட்கார்ந்து திருதிருவென்று முழிக்கிறாய். கட்டம் போட்ட சட்டை, இடது காலரில் இங்க் கறை. எல்லாம் கண்ணில் நிற்கிறது.

"என்னடா பண்ணினே?"ன்னு கேட்டேன்.

"நான் தொடவே இல்லக்கா."

"பின்ன முள்ளு தானே நடந்து போச்சா?"

"சத்தியமா நான் தொடவே இல்லக்கா."

அன்றைக்குச் சொன்ன அதே பொய்யை நரைத்த மீசையோடு இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாய். உனக்கு அப்பாவின் கடிகாரம் கிடைக்கவில்லையே என்று வயிற்றெரிச்சல், வேறென்ன. அத்தான் மாதிரி ஒரு மனுஷன் இருந்ததால் நீ பிழைத்தாய். "விடும்மா, சின்னப்பையன், ஏதோ தெரியாமப் பண்ணிட்டான்"னு உன் தோளில் கையைப் போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். அதுமட்டுமா, முள்ளை உடைத்தவனுக்கு இன்டர்வியூவுக்கென்று ஓசியில் ஒரு கால்சட்டை வேறு தைத்துக் கொடுத்தார், கணுக்காலுக்கு மேலே நின்றாலும் அந்த மனசு யாருக்கு வரும். ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது கூடாது என்றுவிட்டார், ரிப்பேர்காரன் கையில் போனால் உள்ளே இருக்கிற நல்ல சாமானை உருவிவிட்டு ஓட்டையைப் போட்டுக் கொடுப்பான் என்று. கடைசி வரைக்கும் ஒரு ரிப்பேர்காரனை அந்தக் கடிகாரத்தின் பக்கம் அண்டவிட்டதில்லை, அப்பேர்ப்பட்ட முன்யோசனை. "இதுக்கென்ன, நெட்டை முள்ளை மணின்னு வச்சுக்கோ, குட்டை முள்ளை நிமிஷம்னு வச்சுக்கோ, முடிஞ்சு போச்சு"ன்னு சொல்லி, ஒரு சாயங்காலம் பூரா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்படித்தான் நான் மணி பார்க்கக் கற்றுக்கொண்டேன். என் பிள்ளைகளும் அந்தக் கடிகாரத்தில் அப்படித்தான் கற்றுக்கொண்டன. மகன் வெளியில் போய் உலகத்துக் கடிகாரம் வேறே மாதிரி என்று தெரிந்துகொண்டு அழுதுகொண்டு வந்தான், "அது அவங்க கடிகாரம், இது நம்ம கடிகாரம்"னு சொல்லிக் கண்ணைத் துடைத்துவிட்டேன். நான் எதற்கு வெளியில் போய் மணி பார்க்கப் போகிறேன்? அத்தான் போன பிறகும் மாடியில் என் ரெண்டு அறை, என் அடுப்பு, என் வாசல் சாவி, என் கடிகாரம். கீழே மகன் குடும்பம். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு வாழவில்லை.

இப்போது நடந்ததுக்கு வர்றேன். போன மாசம் மகள் வீட்டில் நாலு நாள் இருந்துட்டு வந்தேன். வந்த நாள்லேர்ந்து தம்பி, பொழுது என்னை ஏமாத்த ஆரம்பிச்சுடுச்சு. ஏன்னு இப்பவே சொல்ல மாட்டேன், நான் பட்ட பாட்டைப் படிக்கும்போது நீயும் கொஞ்சம் படு. காலையில அடுப்பைப் பத்த வைக்கும்போது ஏழைத் தாண்டியிருக்கும், வெங்காயம் உரிச்சுட்டு நிமிர்ந்தா ஒன்பதைத் தாண்டியிருக்கும், காயை நறுக்கி முடிக்கிறதுக்குள்ள பன்னெண்டு. உட்கார்ந்து ஒரு டீ குடிச்சா சாயங்காலம். சரி, வயசானா நாள் ஓடும் ஓடும்னு எல்லாரும் சொல்றாங்களே, அது இதுதான் போலிருக்குன்னு நினைச்சேன். எல்லாருக்கும் நடக்கிறது எனக்கும் நடக்குது, இதைப் போய் யார்கிட்ட கேட்கிறது? வானத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னா மழைக்காலம், விடிஞ்சதுலேர்ந்து அடையிற வரைக்கும் அடுப்புல வச்ச பாத்திரத்தோட அடி மாதிரி ஒரே கறுப்பு. நான் ஓட்டமா ஓடினேன். துணி துவைக்கிறது ஓட்டம், குளிக்கிறது ஓட்டம். பல்லு விளக்கிட்டு வந்து பார்த்தா ஒரு மணி போயிருக்கும். இத்தனை வருஷம் நான் ஒரு நாள்ல எவ்வளவு வேலை பார்த்தேன், இப்ப பல்லு விளக்கத்தான் லாயக்குன்னு எனக்கே வெறுத்துப் போச்சு.

ஒருநாள் பார்க்கிறேன், நெட்டை ஆறுல நிக்குது, குட்டை மூணைத் தாண்டி நிக்குது. ஆறே கால். பேத்தி வீட்டுக்கு வரலை. மகனும் மருமகளும் வேலையில. கீழே பூட்டு. பொம்பளைப் பிள்ளை, மழை, இருட்டு. குடையை எடுத்துக்கிட்டு அவ காலேஜுக்கே போயிட்டேன். வாசல்ல காவல்காரர், "யாரும்மா வேணும்?"னார். "ஆறேகால் ஆகியும் பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பாம உள்ள வச்சுக்கிட்டு என்னய்யா பண்றீங்க?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். அவர் தன் கைக் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய மனுஷர், தண்ணி குடிக்கிறீங்களாம்மான்னு கேட்டார். நான் அவரைத் தள்ளிக்கிட்டு உள்ளே போய் ஒவ்வொரு வகுப்பு ஜன்னலா எட்டிப் பார்த்து அவ பேரைக் கூப்பிட்டேன். நாலாவது ஜன்னல்ல இருந்தா. பாடம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு முழுக்க அவ என்கூடப் பேசலை. போன்லதான் பேசுவா, என்கிட்ட எங்கே பேசினா, அதனால எனக்கு நஷ்டம் ஒன்னும் இல்லை.

அடுத்து மகன். பத்து மணிக்கு வெளிக்கதவைப் பூட்டுறது என் வேலை, அத்தான் காலத்துலேர்ந்து வழக்கம். அன்னைக்குப் பார்த்தா பத்தைத் தாண்டி அரையும் போயிடுச்சு. இவன் வரலை. பூட்டினேன், விளக்கை அணைச்சேன். கொஞ்ச நேரத்துல கீழே மணியடிச்சு அடிச்சு மாயுறான். மருமகளும் பேத்தியும் எங்கேயோ போயிருந்தாங்க. நான் ஜன்னல் வழியா, "இந்த நேரத்துக்கு வர்றவங்களுக்கு இந்த வீட்ல கதவு திறக்கிறதில்லை"ன்னேன்.

"அம்மா, மணி எட்டுதாம்மா ஆகுது!"

"குடிச்சிருக்கியா?"

"அம்மா, நனையுறேம்மா!"

"நனைஞ்சாத்தான் தெளியும்."

எதிர்வீட்டு டிரைவர் அவனுக்கு ஒரு துண்டு கொடுத்து வீட்டுக்குள்ள கூப்பிட்டு உட்கார வச்சார். அதுல இவனுக்கு என்ன மானம் போச்சுன்னு தெரியலை, பெத்த தாயை ஒரு வாரம் முறைச்சுக்கிட்டே திரிஞ்சான்.

இதெல்லாம்கூடச் சிரிச்சுட்டு விட்டிருப்பாங்க. மாத்திரைதான் வினையாப் போச்சு. ராத்திரி ஒன்பதுக்கு எனக்கு ஒரு தூக்க மாத்திரை. ஒருநாள் ஒன்பதாச்சேன்னு போட்டுக்கிட்டுப் படுத்துட்டேன். அது பட்டப்பகல். மகள் பார்க்க வந்தவ என்னை உலுக்கியிருக்கா, நான் எழுந்திருக்கலை. ஊரைக் கூட்டிட்டா. நான் கண்ணைத் திறந்தப்ப கட்டிலைச் சுத்தி எல்லாரும் நிக்கிறாங்க, மருமகள் அழுதுக்கிட்டு இருக்கா. "ராத்திரி தூங்குறவளை ஏன்டி எழுப்புறீங்க?"ன்னு கேட்டேன். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அந்தப் பார்வை இருக்கே தம்பி, அதுக்குப் பதிலா நாலு அறை விட்டிருக்கலாம்.

மறுநாளே தீர்மானம் போட்டுட்டாங்க, என்னைக் கேட்காம, என் தலைக்கு மேலேயே பேசி. அடுப்பை எடுத்துடறது. மாடியைப் பூட்டிடறது. கீழே ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி அதுல ஒரு கட்டில். என்னைப் பார்த்துக்கச் சம்பளத்துக்கு ஒரு பொம்பளை. "டாக்டர் ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டார்னா நமக்கும் நிம்மதிம்மா"ன்னான் மகன். யாருக்கு நிம்மதி? கிளம்புற அன்னைக்குக் காலையில என் வாசல் சாவியை ஆணியிலேர்ந்து எடுத்துத் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே. உனக்கு மட்டும் சொல்றேன், அந்த மாசம் எனக்கே உள்ளுக்குள்ள கொஞ்சம் உதறல்தான். நாக்கு நுனியில எல்லாப் பேரும் இருக்கு, எல்லாச் சண்டையும் இருக்கு, பொழுது மட்டும் கைக்குள்ள நிக்க மாட்டேங்குதேன்னு. வேற யார்கிட்டயாவது இதைச் சொன்னே, உன்னைத் தொலைச்சுடுவேன்.

டாக்டர் அறைக்குப் போனோம். அவர் என்கிட்ட ரொம்ப மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, செவிட்டுக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி பேசினார். "பாட்டி, நான் மூணு வார்த்தை சொல்வேன். ஞாபகம் வச்சுக்கணும். அப்புறம் கேட்பேன். சரியா? குடை. மேசை. குதிரை." மூணு வார்த்தை! எனக்கு! என் கல்யாணத்துக்கு வராதவங்க பேரையெல்லாம் இன்னைக்கும் வரிசையாச் சொல்லுவேன், என்ன சாக்குச் சொன்னாங்கங்கிறதோட. "குடை, மேசை, குதிரை, உங்க கோட்டுல ரெண்டாவது பொத்தானை மூணாவது ஓட்டையில மாட்டியிருக்கீங்க, வாசல்ல அந்த நர்சம்மா எங்களுக்கு அப்புறம் வந்தவரை முதல்ல உள்ளே விட்டா"ன்னேன். டாக்டர் பொத்தானைச் சரி பண்ணிக்கிட்டார். நர்சம்மா அப்பவாவது கதவைச் சாத்தியிருக்கலாம்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரைங்க பாட்டி. அதுல பதினொன்னு பத்து காட்டுங்க"ன்னார். இதுக்கா இவ்வளவு படிச்சார்? அவர் மேசை மேல இருந்த டம்ளரைக் கவுத்து வட்டம் போட்டேன், கொஞ்சம் தண்ணி அவர் காகிதத்துல கொட்டுச்சு, அது அவர் குடிக்காம வச்சதனால. பன்னெண்டு எண்ணையும் எழுதினேன். நெட்டை முள்ளைப் பதினொன்னுல வச்சேன், குட்டை முள்ளை ரெண்டுல வச்சேன். பதினொன்னு பத்து. தள்ளினேன். அவர் பார்த்தார். பார்த்துட்டு உதட்டை மடிச்சுக்கிட்டு மகன் பக்கம் அந்தத் தாளைத் திருப்பினார், சாவு வீட்டுல துக்கம் கேட்கிற மூஞ்சியோட. "பாருங்க சார்"ன்னார்.

மகன் பார்த்தான். "சரியாத்தானே சார் இருக்கு?"ன்னான்.

டாக்டர் கண்ணாடியைக் கழட்டினார். "சார், இது என்ன மணி?"

"பதினொன்னு பத்து."

"எங்கே, எனக்குப் பார்க்கக் கொடு"ன்னு மகள் வாங்கிப் பார்த்தா. "பதினொன்னு பத்துதான் டாக்டர். வட்டம்கூட நல்லா வந்திருக்கே"ன்னா.

மருமகள் எட்டிப் பார்த்தா. "ஐயோ, இது ரெண்டாக அஞ்சு நிமிஷம்ங்க"ன்னா.

"உனக்கு எங்க வீட்டுக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, நீ சும்மா இரு"ன்னான் மகன். பெண்டாட்டியை எதிர்த்து அவன் பேசின முதல் வார்த்தை, அதையும் டாக்டர் அறையில வந்து பேசினான். டாக்டர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "சார் வயசு என்ன?"ன்னு கேட்டார். இன்னொரு தாளை எடுத்து, "நீங்க ஒன்னு வரைங்களேன்"ன்னார். இவன் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பரீட்சைன்னா சின்ன வயசுலேர்ந்தே இவனுக்குப் பயம். உலகத்துக் கடிகாரம் எது, வீட்டுக் கடிகாரம் எதுன்னு குழம்பி, வியர்த்து விறுவிறுத்து, கடைசியில நெட்டையைப் பதினொன்னுல வச்சுட்டான். மகளுக்கும் ஒரு தாள். அவ எதையும் யோசிக்கலை, பக்கத்துல அண்ணன் தாளை எட்டிப் பார்த்து அப்படியே வரைஞ்சா, பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறவ. டாக்டர் மூணு தாளையும் வரிசையா வச்சுப் பார்த்துட்டு நாற்காலியில சாய்ஞ்சார். "இது பரம்பரையா வருது போலிருக்கே"ன்னு முணுமுணுத்தார். எங்க மூணு பேருக்கும் மூளையைப் படம் எடுக்கணும்ங்கிறார். மருமகள் கைப்பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "அப்ப என் பொண்ணுக்கு?"ன்னா. உடனே பேத்திக்கு ஒரு தாள். அவ ஒரு சதுரம் போட்டு, உள்ளே ஒன்னு, ஒன்னு, ரெண்டு புள்ளி, ஒன்னு, சைபர்னு எழுதிக் கொடுத்தா. "முள் எங்கேம்மா?"ன்னார் டாக்டர். "எந்த முள்?"ன்னா. என்ஜினீயராம். இவ கட்டுற பாலத்துல நான் நடக்க மாட்டேன்.

அப்பதான் தம்பி, எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. பெத்த ரெண்டும் நம்ம வீட்டு முள் கதையைச் சொல்லி விளக்கியிருக்க வேண்டாமா? இதுகளுக்கு அது ஏன் அப்படின்னே தெரியலை, பிறந்ததுலேர்ந்து அப்படித்தான்னு இருந்துட்டதுங்க. நான் எழுந்து நின்னு டாக்டர்கிட்டச் சொன்னேன். அப்பா கொடுத்த கடிகாரத்துலேர்ந்து, நீ வந்தது, முள்ளு போனது, இங்க் கறை, அத்தான் சொல்லிக்கொடுத்தது, எல்லாம். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். முடிச்சதும், "அப்படின்னா பாட்டி இவ்வளவு காலம் சரியாத்தானே மணி பார்த்துக்கிட்டு இருந்தீங்க? ஒரு மாசமா மட்டும் ஏன் தப்பாப் போச்சு?"ன்னு கேட்டார். அன்னைக்கு அந்த அறையில கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். மகன் கை சட்டைப் பைக்குப் போச்சு, சாவி இருக்கான்னு தொட்டுப் பார்த்துக்கிட்டான்.

அப்ப மூலையில ஒரு சத்தம், பூனையை மிதிச்ச மாதிரி. மருமகள்.

"நான்தான்... அத்தை, அவங்க மகள் வீட்டுக்குப் போயிருந்தப்ப... கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்தேன். ரொம்ப நாளா முள்ளு மொட்டையா இருக்கேன்னு, புதுசா பெரிய முள் போட்டு வாங்கினேன். அத்தை பார்த்துச் சந்தோஷப்படுவாங்கன்னு..."

"ஏன்டி சொல்லலை?"ன்னேன்.

"நீங்களே பார்த்துக் கேட்பீங்கன்னு இருந்தேன் அத்தை. யாருமே பார்க்கலை."

பார்த்தியா? ரெண்டு முள். ஒன்னு நெட்டை, ஒன்னு குட்டை. என் கண்ணுக்கு அடுப்படியிலேர்ந்து பார்த்தா அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான். நெட்டை மணின்னு நான் பாட்டுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கேன், அது உலகத்து நெட்டையா மாறி நிமிஷத்தைக் காட்டிக்கிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை என் ஆயுசைச் சுத்திக்கிட்டு இருந்திருக்கு. நான் வெங்காயம் உரிச்சது பத்து நிமிஷம்தான். எனக்கு ஒன்னும் ஆகலை. அதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு உட்காரணும்போல இருந்துச்சு, உட்கார்ந்தேன், அவ்வளவுதான், கண்ணுல தண்ணி வந்ததா மகள் உனக்குப் போன்ல சொன்னா நம்பாதே, அந்த அறையில மருந்து நெடி.

டாக்டருக்கு உற்சாகம் வந்துடுச்சு. தாள்ல ரெண்டு கடிகாரம் வரைஞ்சு, காலேஜுக்குப் போனது, கதவைப் பூட்டினது, மாத்திரை, ஒவ்வொன்னையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்து, "அட! மூணரை! அட, எட்டாகப் பத்து! பகல் பன்னெண்டே முக்கால்!"னு பம்பரம் கிடைச்ச பிள்ளை மாதிரி குதிச்சார். நர்சம்மா உள்ளேயே வந்துட்டா. எனக்கு ஒரு நோயும் இல்லைன்னு சொல்லிட்டார், மாத்திரைக்கு மட்டும் பேத்தி போன்ல மணியடிக்கணும்ன்னார். நான் மகன் முன்னாடி உள்ளங்கையை நீட்டினேன். அவன் சட்டைப் பையிலேர்ந்து சாவியை எடுத்து வச்சான். அவன் கை சூடு அதுல அப்படியே இருந்துச்சு.

இனி மன்னிக்கிற கணக்கு. டாக்டரை விட்டுட்டேன், வயசு காணாது. மகள் அண்ணனைப் பார்த்து எழுதினதை விட்டுட்டேன், அவ படிச்சதே அப்படித்தான். பேத்திக்கு ஆறு மாசம் தவணை, அதுக்குள்ள முள் பார்க்கக் கத்துக்கணும். மகனைப் பாதி விட்டுட்டேன், நான் வரைஞ்சதைப் பார்த்ததும் சரின்னு சொன்னானே, அந்தப் பாதி. சாவியை எடுத்த பாதி அப்படியே இருக்கு. மருமகளை எல்லாரும் நான் கொன்னுடுவேன்னு எதிர்பார்த்தாங்க. என்னைக் கேட்காம என் பொருளைத் தொட்டா, அது உண்மை. ஆனா அன்னைக்கு அவ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் இன்னைக்கு ஸ்டோர் ரூம்ல வெங்காயச் சாக்கோட படுத்திருப்பேன். அவ வாயைத் திறந்தா. போகட்டும்.

ஆனா ஆதிமூலம் நீதான். நீ அந்த முள்ளை உடைக்கலைன்னா எனக்கு எல்லாரும் மாதிரி மணி பார்க்கத் தெரிஞ்சிருக்கும், என் மகன் மழையில நனைஞ்சிருக்க மாட்டான், எங்க பரம்பரையையே பைத்தியம்னு ஒரு பொடிப்பையன் சொல்லியிருக்க மாட்டான். உன் பொண்ணு கல்யாணத்துல மேடையில வச்சு மாப்பிள்ளை வீட்டார்கிட்ட நான் முள் கதையைச் சொன்னேன்னு உனக்கு இன்னும் கோபமாமே? மறுபடியும் சொல்வேன். உன் பேரன் கல்யாணத்துலயும் சொல்வேன். உன்னை மன்னிக்க மாட்டேன்.

உன் சம்சாரத்துக்கு என் அன்பு, உன்னோட குப்பை கொட்டுறதுக்கு என் அனுதாபம். பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் நல்ல புத்தியோடயும், நேரங்காலம் தெரிஞ்சும், உன் சாயல் படாமலும் நீண்ட நாள் வாழணும்னு ஆசீர்வாதம் பண்றேன்.

இப்படிக்கு,
பைத்தியம் இல்லை என்று டாக்டரே சொன்ன உன் அக்கா

பி.கு.: வெறும் வாயால சொன்னா நீ நம்ப மாட்டே, அந்த உடைஞ்ச முள்ளையே இந்த உறைக்குள்ள வச்சு அனுப்பணும்னு ரிப்பேர்காரர் கடைக்குப் போனேன். டப்பாவுல போட்டு வச்சிருந்தார். "என் தம்பி உடைச்சது"ன்னேன். அவர் கண்ணுல பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "உடைஞ்சதுன்னு யாரும்மா சொன்னது? உடைஞ்சா முனை வளைஞ்சு பிசிறா இருக்கும். இது ரெண்டு பக்கமும் நசுங்கி நேரா இருக்கு பாருங்க. யாரோ பெரிய கத்தரிக்கோல் போட்டு வெட்டியிருக்காங்க. அதுவும் ஒரே வெட்டுல இல்லை, தழும்பு தெரியுது பாருங்க, கொஞ்சங் கொஞ்சமா. முனை கண்ணாடியில உரசி ஓடாம நின்னிருக்கும், அதுக்காக வெட்டியிருப்பாங்க"ன்னார்.

நேரா வீட்டுக்கு வந்தேன். பெட்டியைத் திறந்து அந்தக் கத்தரிக்கோலை எடுத்தேன். பல்லு விழுந்த இடத்துல முள்ளை வச்சேன். ஆணியில சாவி மாட்டின மாதிரி உட்கார்ந்துச்சு. இரும்புப் பொத்தானாம். கோட்டாம். ரெண்டு நாள் சாப்பிடலையாம். ஏன் சாப்பிடலைன்னு இப்பதானே தெரியுது. கொஞ்சம் வெட்டி, சரியில்லைன்னு இன்னும் கொஞ்சம் வெட்டி, கடைசியில ஒன்னும் இல்லாமப் பண்றது யார் கைன்னு எனக்குத் தெரியாதா? முழுக்கால்சட்டைக்கு அளவு கொடுத்தவங்க எத்தனை பேர் அரைக்கால்சட்டையோட போயிருக்காங்க. ரிப்பேர்காரனை அண்டவிடாத முன்யோசனையை நினைச்சா எனக்கு உடம்பெல்லாம் எரியுது. உன் தோள்ல கையைப் போட்டாரே, அதை நினைச்சா அதுக்கு மேல எரியுது.

நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்பேன்னு காத்துக்கிட்டு உட்காராதே. நீ அன்னைக்குத் திருடன் மாதிரி முழிச்சிருக்கக் கூடாது. மேலே எழுதினதைக் கிழிச்சுப் போட எனக்கு மனசு வரலை, கை வலிக்க எழுதினது. 'நீ'ன்னு வர்ற இடத்துல எல்லாம் ஆளை மாத்திப் படிச்சுக்கோ. முழங்கால் இடம் கொடுத்தா ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போ, கடிகாரத்துக்கு நீயே சாவி கொடு, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். பேரன் கல்யாணத்துல கதையைத் திருத்திச் சொல்றேன்.

கடிகாரத்துக்குக் கீழே இருந்த அந்த மனுஷனோட போட்டோவைக் கழட்டி, எதிர்ச் சுவத்துல மாட்டிட்டேன். புது முள்ளு முழுசாச் சுத்துறதைப் பகலெல்லாம் பார்த்துக்கிட்டே இருக்கட்டும். அப்பவும் சிரிச்ச மூஞ்சியாத்தான் இருக்கார். சிரிக்கட்டும். நானும் ஒருநாள் அங்கே போய்த்தானே ஆகணும், போனதும் முதல் வேலையா எதிர்ல நின்னு மணி என்னன்னு கேட்பேன். அதுவரைக்கும், அதுக்கப்புறமும், நான் மன்னிக்கவே போறதில்லைங்கிற ஒரே ஆள் உன் அத்தான்.